விறகு விற்கவா இன்ஜினியரிங் படிக்கணும்?

அண்ணே, பொண்ணு மூங்கில் கழிவில் சமையல் எரிபொருள் செய்யும் துறைக்குப் போகிறேன் என்றதும் நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன், கோபிக்காதீர்கள். அவள் ஆசையில் தப்பில்லை, வழியைத்தான் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

கழிவுக்குப் பஞ்சமே இல்லை. ஊதுபத்திக் குச்சி செய்கிற இடத்தில் மூங்கிலில் 16 சதவீதம்தான் குச்சியாகிறது, மீதி வீண் என்று கதர் கிராமத் தொழில் ஆணையமே சொல்லியிருக்கிறது. மூங்கில் கரி ஏற்றுமதிக்கு இருந்த தடையும் 2022 மே மாதம் நீங்கிவிட்டது.

ஆனால் வீட்டு அடுப்பை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். குடியாத்தத்தில் கேஸ் சிலிண்டர் வைத்திருக்கிறவர் எதற்கு மூங்கில் தூளை அழுத்திச் செய்கிற பெல்லட் என்ற குட்டி உருளைகளுக்கு மாறப்போகிறார்? அப்படியே மாறினாலும் அதற்கென்று ஃபேன் வைத்த அடுப்பு வேண்டும், சாதா மண் அடுப்பில் போட்டால் புகைதான் வரும். கரிக்கட்டியில் புகை குறைவு, சரி, ஆனால் மூடின அறையில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். சுத்தமான எரிபொருள் என்று கூவி விற்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

சம்பளம் கிடைப்பது எதையும் ஒழுங்காக எரிக்கத் தெரிந்தவருக்கு. பெல்லட் அழுத்தும் முன் ஈரத்தைச் சுமார் 10 சதவீதத்துக்கு இறக்க வேண்டும், மூங்கில் சாம்பலில் சிலிக்காவும் பொட்டாசியமும் இருப்பதால் பாய்லருக்குள் உருகிக் கட்டி பிடிக்கும், அதைச் சமாளிக்கவும் வேண்டும். இந்த வித்தை தெரிந்தால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துத் தொழிற்சாலை பாய்லர்களில் இடம் தேடலாம். அனல்மின் நிலையங்களும் நிலக்கரியோடு பயோமாஸ், அதாவது தாவரக் கழிவுப் பெல்லட் கலந்து எரிக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. பாய்லர் துணைக்கருவிகள் செய்யும் பெல் (BHEL) என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஆலை நம்ம ராணிப்பேட்டையிலேயே இருக்கிறது.

அதனால் பெயரிலேயே ‘பயோ எரிபொருள்’ என்றிருக்கும் குட்டிக் கோர்ஸ்களுக்குப் பணம் கட்டாதீர்கள். வேலூர் பாகாயம் தந்தை பெரியார் அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தால் நல்லது, வீட்டிலிருந்தே போய் வரலாம், மூங்கிலைக் கடைசி வருட ப்ராஜெக்டில் எடுத்துக்கொள்ளட்டும். இன்னும் நெருக்கமான படிப்பு வேண்டுமென்றால் கோவை வேளாண் பல்கலையில் ஆற்றல் மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல் பி.டெக் இருக்கிறது. அதற்குத் தனி விண்ணப்பம், பொறியியல் கலந்தாய்வில் வரும் என்று காத்திருந்து கோட்டை விடாதீர்கள்.

அப்புறம், கட்-ஆஃப் எவ்வளவு வருகிறது? பாகாயமா கோவையா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.