கருப்பராயன் கிடாவும் பக்ரீத் ஆடும்

கேள்வி: எங்கள் ஊர் கருப்பராயனுக்குக் கிடா வெட்டினால் மூடநம்பிக்கை என்கிறார்கள். பக்ரீத் குர்பானியை யாரும் கேட்பதில்லை. கிறிஸ்தவர்களோ பலியே கொடுப்பதில்லை. அப்படியானால் அவர்கள்தான் முன்னேறியவர்களா?
- வாசகர் ஒருவர், தாராபுரம்

பதில்: கடைசியிலிருந்து வருகிறேன். கிறிஸ்தவர்கள் பலி கொடுப்பதில்லை, சரி. ஆட்டின் மேல் இரக்கப்பட்டு நிறுத்தினார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஈஸ்டர் அன்று காலை ஈரோட்டுக் கறிக்கடைப் பக்கம் போய்ப் பாருங்கள், தெரியும். அவர்கள் மதமே ஒரு பலியின் மேல்தான் நிற்கிறது. எருசலேம் ஆலயத்தில் யூதர்கள் பாவம் தீர ஆடு மாடுகளைப் பலியிட்டு வந்தார்கள், கி.பி. 70-ல் ரோமானியர் ஆலயத்தை இடித்ததோடு அது நின்றது. கிறிஸ்தவர்கள் சொல்லும் காரணம் வேறு. காளை, வெள்ளாட்டுக் கிடாவின் ரத்தம் பாவத்தைப் போக்காது என்கிறது பைபிளில் உள்ள எபிரேயருக்கு எழுதிய நிருபம். இயேசு ஒரே தடவை தன்னையே கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார், இனி வெட்டுவதற்குப் பாக்கி இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. கத்தோலிக்கர் நிறைவேற்றும் திருப்பலி என்ற வழிபாடும் அந்த ஒரே பலியைச் சார்ந்ததுதான்.

இத்தனைக்கும், ஆர்மேனியத் திருச்சபையில் 'மதாக்' என்று இன்றும் ஆடோ சேவலோ அறுக்கிறார்கள். பாதிரியார் ஆசீர்வதித்துக் கொடுத்த உப்பை ஆட்டுக்கு ஊட்டி, அறுத்து, கறியை ஏழைகளுக்குப் பங்கிடுகிறார்கள். நம் பூசாரி பார்த்தால் மஞ்சள் தண்ணீர் மட்டும்தான் குறை என்பார்.

குர்பானி யூதர் பலி, கிறிஸ்தவர் நம்பிக்கை இரண்டிலிருந்தும் விலகியது. மனிதன் பாவத்தை ஆடு சுமக்கும் என்ற எண்ணமே அதில் கிடையாது. இப்ராஹீம் நபி மகனை அறுக்கத் துணிந்தபோது, மகனுக்குப் பதிலாக இறைவன் ஒரு பிராணியைக் கொடுத்ததன் நினைவு அது. (மகன் ஈசாக் என்கிறது பைபிள், இஸ்மாயீல் என்பது முஸ்லிம்களின் வழக்கு.) அதன் மாமிசமோ ரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அடைகிறது என்று குர்ஆனே 22-ம் அத்தியாயத்தில் சொல்லிவிட்டது. சாமிக்கு ரத்தம் வேண்டும் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அப்புறம் விதிகள். பெருநாள் தொழுகைக்கு முன்னால் அறுத்தால் அது வெறும் கறிதான், குர்பானி ஆகாது. நொண்டி, குருடு, நோயாளி ஆட்டைக் குர்பானி கொடுக்கக் கூடாது. ஆட்டின் கண்ணெதிரே கத்தி தீட்டக் கூடாது. அறுப்பவருக்குக் கூலியாகக் கறியோ தோலோ கொடுக்கக் கூடாது, கூலி கையிலிருந்துதான் போக வேண்டும். கறி வீட்டுக்கு, உறவுக்கு, ஏழைக்கு என்று மூன்று பங்காவது வழக்கம். நம் பக்கத்து ராவுத்தர்கள், இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்றான ஹனஃபி வழியினர். அந்த வழியில் வசதி உள்ளவருக்கு இது கடமை, இல்லாதவர் கடன் வாங்கி அறுக்க வேண்டியதில்லை. நேர்ந்துகொண்ட கிடாவுக்காக வட்டிக்கு வாங்குகிற நமக்கு இது உறைக்க வேண்டும்.

இனி உங்கள் முதல் வருத்தம். குர்பானியை யாரும் கேட்பதில்லையா? ஒவ்வொரு பக்ரீத்துக்கும் உங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழுவதெல்லாம் என்ன? கிடா வெட்டைத் தடுக்க இங்கே 1950-லேயே சட்டம் இருந்தது. 2003-ல் ஜெயலலிதா அரசு அதை முடுக்கிவிட்டது, எதிர்ப்பு வலுத்ததும் 2004-ல் சட்டத்தையே திரும்பப் பெற்றது. உங்கள் கிடாவை இன்று அந்தச் சட்டம் தடுக்கவில்லை. நானும் தடுக்கச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துக்கொண்டு கருப்பராயன் கோவிலில் மட்டும் ஜீவகாருண்யம் பேசுகிறவர்களை எனக்கும் பிடிக்காது.

ஆனால் குர்பானியோடு ஒப்பிட வந்துவிட்டீர்கள், ஒப்பிட்டே பார்ப்போம். அங்கே ஏழைக்குப் பங்கு என்பது சடங்கோடு சேர்ந்தே வருகிறது. உங்கள் ஊர்க் கிடா விருந்தில் பங்காளிகள் உட்கார்வார்கள், மாமன் மச்சான் உட்கார்வார்கள். முதல் நாள் ராத்திரியிலிருந்து பறையடித்தவர் எந்தப் பந்தியில் உட்கார்கிறார்? அல்லது பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு வெளியே போகிறாரா? அதை விவரமாக எழுதி அனுப்புங்கள், குர்பானியைப் பற்றி அப்புறம் மேற்கொண்டு பேசலாம்.