கிளாரா ஷூமன்: வாசித்தவர், சொல்லிக்கொடுத்தவர்

பியானோ கலைஞர் கிளாரா ஷூமன் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: மேடம், இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் மனைவி என்பதால்தானே இவருக்கு இவ்வளவு பெயர்?

நேர்மாறு. 1840இல் கல்யாணம் நடந்தபோது ஊர் ஊராகத் தெரிந்த பெயர் கிளாராவுடையதுதான். 1819இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர், ஒன்பது வயதில் அங்குள்ள கெவாண்ட்ஹவுஸ் என்ற இசையரங்கின் மேடையில் வாசித்துவிட்டார். 1838இல் வியன்னா அரசவை பட்டம் கொடுத்துக் கௌரவித்தது.

கேள்வி: அப்பாவே குரு. கொடுத்துவைத்தவர் இல்லையா?

பாதி சரி. அப்பா பிரீட்ரிக் வீக் கெட்டிக்கார ஆசிரியர். எடுத்ததும் குறியீடுகளைக் கையில் திணிக்காமல், காதால் கேட்டு வாசிக்கப் பழக்கினார். ஆனால் மகளின் நாட்குறிப்பை, 'நான்' என்று அவள் குரலிலேயே, அவரே எழுதி வந்தார்! எத்தனை மணி நேரச் சாதகத்தையும்விட இதுதான் என்னைக் கலங்கடிக்கிறது. ராபர்ட்டை மணக்க அவர் சம்மதிக்கவில்லை. காதலர்கள் நீதிமன்றம் போய்த்தான் அனுமதி வாங்கினார்கள். கிளாராவின் 21ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் கல்யாணம்.

கேள்வி: எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிக் கச்சேரி செய்தார்?

செய்யாமல் வழியில்லை. 1854இல் ராபர்ட் மனநோய் மருத்துவமனையில் சேர்ந்தார், 1856இல் அங்கேயே இறந்தார். அதற்குப் பிறகு குடும்பம் ஓடியது பெரும்பாலும் கிளாராவின் கச்சேரி வருமானத்தில்தான்.

கேள்வி: என் பெண் பியானோ கற்கிறாள். கிளாராவின் பாடமுறையிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

இதற்குத்தான் காத்திருந்தேன். 1878இல் பிராங்க்பர்ட்டின் ஹோக் இசைக் கல்லூரி அவரை அழைத்தது. வீட்டிலேயே பாடம் நடத்துவேன், கச்சேரிப் பயணத்துக்கு விடுப்பு வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் சேர்ந்தார். மகள்கள் மரியும் யூஜெனியும் உதவி ஆசிரியர்கள். அடிப்படையில் குறை இருந்தால் மாணவர் முதலில் அவர்களிடம் போக வேண்டும், அப்புறம்தான் அம்மாவிடம்.

பாடத்தின் உயிர் தொடுகையில் இருந்தது. விரலை உயரத் தூக்கிக் கட்டையின் மேல் போடக் கூடாது. கட்டையை ஒட்டியே வைத்து அழுத்த வேண்டும், மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் உரத்த இடத்திலும் ஒலி கரகரக்காமல் பாடும். வேகம் காட்டுவது அவருக்குப் பிடிக்காது. இசையமைப்பாளர் எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும், சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது.

உங்கள் பெண்ணை ஒரே ஒரு சுரத்தை மெதுவாக அழுத்தி, ஒலி அடங்கும்வரை கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான குழந்தைகள் பாதியிலேயே அடுத்த கட்டைக்குத் தாவிவிடும்.

கேள்வி: அவர் வாசிப்பைக் கேட்க ஒலிப்பதிவு உண்டா?

அவருடையது இல்லை. மாணவிகள் பேனி டேவிஸ், அடெலினா டி லாரா ஆகியோரின் பதிவுகள் இருக்கின்றன. டேவிஸ் 1928இல் பதிவு செய்த ராபர்ட்டின் பியானோ கான்செர்ட்டோவில் (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) தொடங்குங்கள். இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இசையமைப்பதை ஏன் விட்டார்? திறமை போதவில்லையா?

அப்படிச் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். 1835இல், 16 வயதில், தன் சொந்தக் கான்செர்ட்டோவை வாசித்தார், இசைக்குழுவை நடத்தியவர் இசையமைப்பாளர் மெண்டல்சன். 1846இல் எழுதிய பியானோ ட்ரியோ (பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமான படைப்பு) இன்றும் மேடையேறுகிறது. ஆனால் பெண் இசையமைக்க ஆசைப்படக் கூடாது என்று 1839இலேயே நாட்குறிப்பில் எழுதிவிட்டார். ராபர்ட் போன பிறகு கிட்டத்தட்ட எதுவும் எழுதவில்லை.

கேள்வி: இசையமைப்பாளர் பிராம்ஸுடன் காதல் என்கிறார்களே?

நெருக்கம் உண்மை, சாகும்வரை நீடித்தது. கடிதங்களில் பலவற்றை அவர்களே அழித்துவிட்டார்கள். மிச்சமெல்லாம் ஊர்வம்பு.

கேள்வி: ஜெர்மனியின் பழைய 100 மார்க் நோட்டில் இருப்பது இவரா?

அவரேதான். 1990 முதல் யூரோ வரும்வரை புழங்கிய நோட்டு. பின்பக்கம் ஒரு பியானோவும், அவர் 1892வரை பாடம் சொன்ன அந்த ஹோக் கல்லூரியும் இருக்கும்.