மொராக்கோ கல்யாணத்துக்கு ஜெலாபா போதுமா?

காசாபிளாங்காவில் தோழியின் கல்யாணத்துக்கு, கையில் இருக்கும் ஜெலாபாவையே உடுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தலைமூடி வைத்த ஜெலாபா, கடைவீதிக்குப் போகும்போது ஜீன்ஸ் மேலேகூட மாட்டிக்கொள்ளும் அங்கி. கல்யாண இரவில் பெண்கள் கஃப்தான் என்ற நீண்ட அங்கியை உடுத்துவார்கள், அல்லது இரண்டு அடுக்காக வரும் தக்‌ஷிதா. முன்பக்கம் நெடுகப் பட்டுநூல் பின்னல், நூலிலேயே முடிச்சிட்ட குட்டிப் பொத்தான்கள், இடுப்பில் அகலமான பட்டை. அந்தக் கைவேலையைப் பக்கத்தில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது! விலை அதிகம்தான். அதனால் வாடகைக்கு எடுப்பது அங்கே சாதாரணம். நல்ல கடையைத் தோழியிடமே கேளுங்கள். வெள்ளையை மட்டும் மணப்பெண்ணுக்கு விட்டுவிடுங்கள். அப்புறம், உங்கள் கணவருக்குக் கோட் சூட் போதும், அங்கே ஆண்களில் பலரும் அப்படித்தான் வருவார்கள். கொண்டாட்டம் விடியும்வரை நீளலாம், செருப்பு வசதியானதாக இருக்கட்டும்.