கண்ணாடி நகராமல் நிறமாலை கிடைக்குமா?

கேள்வி: எங்கள் கல்லூரியில் உள்ள எஃப்.டி.ஐ.ஆர். கருவிக்குள் (அகச்சிவப்பு ஒளியின் நிறமாலையை எடுக்கும் கருவி) ஒரு கண்ணாடி முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது ஓடினால்தான் நிறமாலை வருமாம். எதுவுமே நகராமல் இதைச் செய்ய முடியாதா?
– முதுகலை இயற்பியல் மாணவி

பதில்: முடியும். முதலில் அந்தக் கண்ணாடி எதற்கு ஓடுகிறது என்று பாருங்கள். ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் தூரம் கொடுத்து, மறுபடி சேர்க்கிறோம். அந்தத் தூரம் மாற மாற வெளிச்சம் ஏறி இறங்குவதைக் குறித்துக்கொண்டு, அதில் கலந்திருக்கும் அலைகளைப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் கணக்குப் போட்டால் நிறமாலை. ஆக, தேவை பலவிதமான பாதை வித்தியாசங்கள்தான். அவை ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும் என்று விதி இல்லை, ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக இருந்தாலும் போதும். ஒரு கண்ணாடியைச் சற்றே சாய்த்துவிட்டால் இந்த ஓரத்தில் ஒரு வித்தியாசம், அந்த ஓரத்தில் வேறொன்று. இரண்டு பாதி ஒளியும் சேருமிடத்தில் வெளிச்சமும் இருட்டுமாகக் குறுக்கீட்டுப் பட்டைகள் வரிவரியாக விழும், கேமரா ஒரே படத்தில் பிடித்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், நுணுக்கமான நிற வேறுபாட்டைப் பிரிக்க நினைத்தால் பட்டைகள் நெருங்கி நெருங்கி, பிக்சல்கள் போதாமல் போகும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹார்லாண்டரும் ஃபிரெட் ரோஸ்லரும் இதற்குக் கண்ட வழி எனக்கு அவ்வளவு பிடிக்கும். இரண்டு கண்ணாடிகளையும் எடுத்துவிட்டு அங்கே சாய்வாகக் கீற்றணிகளை (நெருக்கமான நுண்கோடுகள் கொண்ட, நிறத்துக்கு ஏற்ற கோணத்தில் ஒளியைத் திருப்பும் தகடுகளை) வைத்தார்கள். நாம் தேர்ந்தெடுத்த ஓர் அலைநீளம் மட்டும் வந்த வழியே திரும்பும், அதற்குப் பட்டையே விழாது. அதிலிருந்து ஒரு நிறம் எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு பட்டைகள். எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் சாதாரணக் கேமராவே போதும். ஆனால் ஒரு குறுகிய நிறப் பகுதியைத்தான் பார்க்க முடியும், வேதிச் சேர்மங்களை அடையாளம் காண உங்கள் எஃப்.டி.ஐ.ஆர்.தான் சரி.

விண்வெளியில் இதன் அருமை தெரியும். 2019-இல் நாசா ஏவிய ஐகான் செயற்கைக்கோளில் இருந்த மைட்டி என்ற கருவி, வளிமண்டலத்தின் உயரத்தில் ஆக்சிஜன் உமிழும் 557.7 நானோமீட்டர் பச்சை ஒளியையும் 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் பார்த்துக் காற்றின் வேகத்தை அளந்தது. ஒளி உமிழும் காற்று நம்மை நோக்கியோ விலகியோ நகர்ந்தால் அதன் அலைநீளம் சற்றே மாறும் (டாப்ளர் விளைவு). விநாடிக்கு 10 மீட்டர் காற்று அந்தப் பச்சையின் அலைநீளத்தை நகர்த்துவது சுமார் 0.00002 நானோமீட்டர்தான்! அதைப் பட்டைகள் லேசாக இடம் பெயர்வதை வைத்தே கண்டுபிடித்தார்கள்.

உங்கள் ஆய்வகத்தில் மைக்கேல்சன் குறுக்கீட்டுமானி, அதாவது ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்க்கும் கருவி, இருக்குமே? சோடியம் விளக்கைப் போட்டு, இரண்டு பாதைகளையும் ஏறக்குறையச் சமமாக்கி, ஒரு கண்ணாடியைச் சாய்க்கும் திருகை மட்டும் மெல்லத் திருப்புங்கள். வட்டங்கள் போய் நேர்கோடுகள் வரும், திருப்பத் திருப்ப நெருங்கும். கைபேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.