வாசிப்பாளருக்குப் போலீஸ் சரிபார்ப்பு: செலவு யாருடையது?

கேள்வி: எனக்கு முழுமையாகப் பார்வை இல்லை. தக்கலையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கையால் எழுதிய பில், ரசீதுகளை வாசித்துச் சொல்ல ஒரு பெண் தினமும் 2 மணி நேரம் வருகிறார். அவருக்குச் சம்பளம் நான்தான் கொடுக்கிறேன். அவருக்குப் போலீஸ் சரிபார்ப்புச் சான்று வேண்டும், செலவை நீங்களோ அவரோ பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது அலுவலகம். அவரே ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பாங்க் கடிதங்களையும் பழைய மலையாள ஆதாரங்களையும் (நிலப் பத்திரங்கள்) வாசித்துத் தருகிறார். அவர் தங்கியிருப்பது தக்கலையில், சொந்த வீடு பாறசாலையில். யார் பணம் கட்டுவது?

பதில்: அலுவலகம் கேட்கும் சான்றுக்கு அலுவலகம்தான் கட்ட வேண்டும். வீட்டு வாசிப்புக்காக நீங்களாகச் சரிபார்க்க நினைத்தால் அந்தச் செலவு உங்களுடையது. எப்படியானாலும் அந்தப் பெண்ணின் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

அலுவலகம் கேட்பது தன் கணக்கு வழக்கு வெளியே போய்விடுமோ என்ற பயத்தில். பயம் நியாயமானதுதான், ஆனால் அது நிறுவனத்தின் பயம். வாட்ச்மேனையும் டிரைவரையும் சரிபார்க்க அவர்களிடமே காசு வாங்குவதில்லை அல்லவா? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வேலைக்குத் தேவையான நியாயமான வசதியை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. அரசு அலுவலகம் அந்த வசதியைச் செய்து தர வேண்டும் என்று 20-ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. தனியாரைப் பொறுத்தவரை 21-ஆம் பிரிவைப் பாருங்கள். எந்த நிறுவனமானாலும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், மாற்றுத்திறனாளி ஊழியருக்கு என்னென்ன வசதி என்பது அதில் இருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் கொள்கையைக் கேட்டு வாங்குங்கள். வாசிப்பாளரின் சம்பளத்தையே நிறுவனம் ஏற்பதுதான் முறை என்பது என் கருத்து. அதை நீங்கள் உங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போது சரிபார்ப்புச் செலவையும் உங்கள் மேல் போடுவது அநியாயம்.

வாயால் பேசாதீர்கள், மின்னஞ்சலில் இரண்டே வரி எழுதுங்கள்: "என் வாசிப்பாளரைப் பற்றிய சரிபார்ப்புக்கு நிறுவனமே தன் பெயரில் விண்ணப்பித்துக் கட்டணத்தையும் ஏற்க வேண்டுகிறேன். இதே பில்களைக் கையாளும் மற்ற ஊழியர்களுக்கும் இந்தச் சரிபார்ப்பு உண்டா என்பதையும் தெரிவிக்கவும்." இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். மற்ற யாருக்கும் இல்லாத சோதனை பார்வையற்றவரின் வாசிப்பாளருக்கு மட்டும் என்றால் அது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. அப்போது சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு போடலாம். மனு எழுத வழிகாட்டல் தேவைப்பட்டால் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

வாசிப்பாளர் பணம் கட்டக் கூடாது என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வேலையில் கிடைப்பது சிறு தொகை. பலர் கல்லூரி மாணவர்கள், சிலர் காசே வாங்காமல் வருபவர்கள். சேரும் முன்பே கட்டணம் கட்டு என்றால் நல்லவர்கள்தான் முதலில் விலகிப்போவார்கள். பரீட்சைக்கு உங்களுக்காக எழுத வருபவரை இதோடு குழப்ப வேண்டாம். அங்கே பார்ப்பது அடையாளத்தையும் கல்வித் தகுதியையும்தான்.

இனி விண்ணப்பம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் காவல் சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. தனிநபர், வேலை, வாடகைதாரர், வீட்டு வேலையாள் என்று அதில் வகைகள் உண்டு. அலுவலகம் போடுவது வேலைக்கான வகை. தனி ஆளுக்கும் நிறுவனத்துக்கும் கட்டணம் வேறு வேறு, நிறுவனத்துக்குத்தான் கூடுதல். குறைந்த கட்டணம் என்று சொல்லி உங்கள் பெயரில் போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், பொறுப்பும் உங்கள் பெயருக்கு வந்துவிடும். கட்டணத்தை இணையத்திலேயே கட்டிவிடுவதால் விசாரிக்க வருபவருக்குத் தனியாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

இழுபறி ஆவது பெரும்பாலும் பெயராலும் முகவரியாலும்தான். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், ரேஷன் கார்டில் இனிஷியல் மட்டும். கடற்கரை ஊர்களில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் வேறு. கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீடு விளவங்கோட்டில், புகுந்த வீடு அகஸ்தீஸ்வரத்தில். புழங்கும் பெயர்கள், முன்பிருந்த முகவரிகள் எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் பெரிய ஓட்டை பாறசாலை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம், பாறசாலை அந்தப் பக்கம். தக்கலையில் தங்கியிருக்கும் முகவரியை மட்டும் போட்டால் தமிழ்நாட்டுப் போலீஸ் இங்கே பார்த்துவிட்டுச் சுத்தம் என்று சொல்லிவிடும், அவர் வளர்ந்த ஊரைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. அந்தப் பக்கத்துக்குக் கேரளப் போலீசின் 'துணா' தளம் வழியாகத் தனியாகச் சான்று கேட்க வேண்டும். அந்தச் செலவும் அலுவலகத்துடையதே.

வீட்டு வாசிப்புக்கு இந்தச் சான்றையே நம்பி இருந்துவிடாதீர்கள். வழக்குப் பதிவாகியிருந்தால்தான் அதில் தெரியும். புகாராகப் போகாத சின்னத் திருட்டு தெரியாது. அதைவிட அவர் வாசிப்பதைச் சோதித்துப் பார்க்கும் முறைதான் உதவும். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாங்க் கடிதத்தை மற்றவற்றின் நடுவே வைத்துக் கொடுங்கள். தொகையை மாற்றியோ ஒரு வரியை விட்டோ வாசித்தால் உடனே பிடிபடும். ஓடிபியும் ஏடிஎம் பின் நம்பரும் அவர் காதுக்கே போகக் கூடாது. போனில், திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பானை இயர்போனோடு பயன்படுத்துங்கள். நிலம் விற்பது, கடன் வாங்குவது போன்றவற்றில் வாசிப்பவருக்கே ஆதாயம் இருந்தால் அந்த ஒரு காரியத்தில் அவர் விலகி நிற்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவே சொல்கிறது. மலையாள ஆதாரத்தில் எல்லையும் அளவும் வரும் இடங்களை இன்னொருவரைக் கொண்டும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டுக்காக நீங்களும் விண்ணப்பிப்பதானால், முதலில் அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். படிவத்தை அவரைக் கொண்டு நிரப்ப வேண்டாம். படத்திலுள்ள எழுத்துகளைப் பார்த்துத் தட்டச் சொல்லும் கேப்சாவுக்கு யாராவது கண் தெரிந்தவர் தேவைப்படும், அது வேறொருவராக இருக்கட்டும். கைபேசி எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். அறிக்கை வந்ததும் அதை அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லிவிடாதீர்கள்.