வட்டிக்கு வாங்கி உளுந்து இருப்புப் போடலாமா?

கேள்வி: மியான்மரின் பெகுவில் மளிகைக்கடை நடத்துகிறேன். கையில் ஒன்றரைக் கோடி கியாட் இருக்கிறது. இன்னொரு ஒன்றரைக் கோடியை மாதம் 2 வட்டிக்கு வாங்கி, அறுவடையில் 10 டன் உளுந்து பிடித்து ஆறு மாதம் கழித்து விற்கலாம் என்கிறார் மைத்துனர். சென்னையில் விலை ஏறுகிறதாம். இறங்கலாமா?

பதில்: கைப்பணத்தில் இறங்குங்கள். வட்டிப்பணம் வேண்டாம்.

டன் 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வட்டிப்பணத்தில் வாங்கும் ஒவ்வொரு டன்னுக்கும் ஆறு மாத வட்டி 3.6 லட்சம். கிட்டங்கி வாடகை, சாக்கு, கூலி ஒரு 60 ஆயிரம். காய்ந்தும் சிந்தியும் 2 சதவீத எடை போகும். ஆக, டன் 35 லட்சத்தைத் தொட்டால்தான் போட்டது கைக்கு வரும். லாபப் பேச்சு அதற்கு மேல்தான்.

சென்னை விலை டாலர் விலை. அதை வெளிச்சந்தை டாலரால் பெருக்கிப் பார்த்து மயங்காதீர்கள். 2022 ஆகஸ்டில் மியான்மர் அரசு டாலருக்கு 2100 கியாட் என்று கட்டிப்போட்டது. ஏற்றுமதியாளர் வருமானத்தில் ஒரு பங்கை, வெளிச்சந்தையைவிடக் குறைந்த அந்த விலைக்கே மாற்ற வேண்டியதாயிற்று. அந்த நட்டத்தை அவரா சுமப்பார்? ரங்கூனின் பயின்னவுங் மொத்தச் சந்தையில் உங்களுக்குச் சொல்லும் விலையில் கழித்துவிடுவார்.

இதைவிடப் பெரிய பயம் டெல்லி. நம் உளுந்துக்கு இந்தியாவைவிட்டால் பெரிய கிராக்கி இல்லை. 2017 ஆகஸ்டில் உளுந்து, பாசிப்பயறு இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் டன் என்று இறக்குமதி வரம்பு போட்டார்கள். இங்கே விலை படுத்துவிட்டது. இப்போது பிரேசில் உளுந்தும் அங்கே போகிறது. வட்டிக்காரர் இதற்கெல்லாம் காத்திருக்கமாட்டார்.

ஐந்து டன் வாங்கினால் ஜூனில் பாதியைத் தள்ளுங்கள், ஆகஸ்டுக்குள் மீதியை. செப்டம்பர் கடைசியில் இந்தியாவின் புது உளுந்து சந்தைக்கு வரத் தொடங்கும்; அதைத் தாண்டி வைத்திருப்பது சூதாட்டம்.

வாங்கும்போது நாலைந்து மூட்டையின் அடியிலிருந்து கைப்பிடி எடுத்துப் பாருங்கள். பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது வண்டு முட்டை. வயலிலிருந்தே வந்திருக்கும், கிட்டங்கிக்காரரைத் திட்டிப் பயனில்லை. அடுக்கியதுமே பயிற்சி பெற்ற ஆளை வைத்து நச்சுவாயுப் புகைமூட்டம் போடச் சொல்லுங்கள், குடியிருக்கும் வீட்டில் மட்டும் வேண்டாம். மூட்டை எண்ணிக்கை, எடை, ரகம் மூன்றும் உங்கள் பெயரில் ரசீதில் ஏற வேண்டும். எஸ்.க்யூ. என்னும் உயர்ரகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, எஃப்.ஏ.க்யூ. என்னும் சராசரி ரகத்தை எடுத்துவந்தவர்கள் உண்டு.

மைத்துனர் அடுத்து எள்ளைச் சொல்வார். எண்ணெய் வித்து நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். அதை இருப்புப் போடவே வேண்டாம்.