மகனுக்குச் சிகிச்சை நடக்கிறது, எனக்கு உறக்கமில்லை

கேள்வி: என் ஐந்து வயது மகனுக்கு இரத்தப் புற்றுநோய் (லிம்போபிளாஸ்டிக் வகை) என்று தெரிந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வருகிறோம். மருந்து கேட்கிறது என்கிறார்கள். ஆனாலும் இரவெல்லாம் எழுந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். சிப்காட் தொழிற்பேட்டை அருகே குடியிருந்ததாலா, கர்ப்ப காலத்தில் நான் செய்த தவறாலா என்று மனம் அரிக்கிறது. கணவர் பேசுவதே இல்லை. மூத்த மகள் பண்ருட்டியில் என் அம்மாவிடம் இருக்கிறாள். சில நாள்களில் நான் இல்லாமல் போனால் தேவலை என்று தோன்றுகிறது. மனநல மருத்துவரிடம் போனால் பைத்தியம் என்பார்களே?
- ஒரு தாய், கடலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லாமல் போனால் தேவலை என்று நீங்கள் எழுதியிருப்பதற்கே முதலில் பதில் சொல்ல வேண்டும். இந்த எண்ணத்தை இன்றே உங்கள் கணவரிடமோ அம்மாவிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். எண்ணம் வலுத்தால் தனியே இருக்காமல், உடன் ஒருவரை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.

நீங்கள் பைத்தியம் அல்ல. மகனின் உயிரைக் குறித்து மாதக்கணக்கில் அஞ்சிய ஒரு தாயின் உடலும் மனமும் இப்படித்தான் களைத்துப்போகும். 2015இல் வல்லுநர்கள் வெளியிட்ட குழந்தைப் புற்றுநோய் உளவியல் பராமரிப்பு நெறிகளே, பெற்றோரின் மனநலத்தைத் தொடக்கத்திலேயே மதிப்பிட்டுத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்கின்றன. இந்நோய்க்கான சிகிச்சை பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும் என்பதால், சிகிச்சை முடிந்தபின் உங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இடமில்லை. அடுத்த முறை செல்லும்போது, "எனக்கு உறக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை" என்று மகனின் மருத்துவரிடம் இதே சொற்களில் சொல்லுங்கள். ஜிப்மரிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. மகனின் சிகிச்சைக்காகச் செல்லும் நாளிலேயே அங்கும் காட்டிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

கர்ப்ப காலத்தில் நீங்கள் செய்த எதுவும் இந்நோயைக் கொண்டுவந்ததாகக் கருத வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஏன் வருகிறது என்பதை மருத்துவத்தால் இன்றும் சுட்டிக்காட்ட முடியவில்லை. சிப்காட் காற்று தூய்மையாக வேண்டும் என்று கேட்பது நியாயம், அதை நானும் கேட்பேன். ஆனால் ஒரு குறிப்பிட்ட குழந்தையின் நோயை அந்தக் காற்றோடு முடிச்சுப்போட எந்த மருத்துவராலும் இயலாது. வாடகைக்கும் வேலைக்கும் ஏற்ற இடத்தில் வீடு பார்த்தது உங்கள் குற்றமாகாது. உறவினர் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால், கணவரே குறுக்கிட்டு நிறுத்தட்டும்.

இரவில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை நான் வெறும் பதற்றம் என்று ஒதுக்கமாட்டேன். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் கை தொட்டு அறிவதைவிடத் தெர்மாமீட்டர் நம்பகமானது. எந்தெந்த நேரத்தில் பார்க்க வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் புறப்பட வேண்டும், எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி, சுவரில் ஒட்டுங்கள். பிறகு இரவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கணவரிடம் ஒப்படையுங்கள். அவருடைய முறையில் நீங்கள் வேறு அறையில் படுங்கள். பேச வராத பல தகப்பன்மார்களுக்கு, மகனுக்காகச் செய்ய ஒரு வேலை கிடைத்தபின்தான் பேச்சும் வருகிறது. ஒருமுறை ஊசிக்கு அவரே அழைத்துச் செல்லட்டும். அன்று நீங்கள் பண்ருட்டிக்குப் போய் வாருங்கள்.

அங்கே மகளிடம் நோயின் பெயரை மறைக்காமல் சொல்லுங்கள். அது தொற்றாது என்றும், தம்பியோடு அவள் போட்ட சண்டையால் வந்ததல்ல என்றும் அவள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். குழந்தைகள் இந்த அச்சத்தை வெளியில் காட்டாமலேயே சுமப்பார்கள். தம்பி வீட்டில் இருக்கும் நாள்களில், அவளுக்குச் சளி காய்ச்சல் இல்லையென்றால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அவளையும் அழைத்து வாருங்கள்.